பதுளைக் கோச்சியில் யாருக்கு இடம்?

இலங்கை மலையகத்தின் சுற்றுலாத் தலமான எல்லவுக்குப் போகும் ரயில்களின் ஆசனங்கள் இணையத்தில் திறந்த ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகின்றன என்ற செய்தி 2025 ஜனவரியில் பெரும் கொதிப்பை உண்டாக்கியது. சீட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பயணிகளிடம் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று முறைப்பாடு போனது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நடந்தன. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் அன்று பேசியவர்களும் எழுதியவர்களும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மோசடியே நடக்காமல் ஒவ்வோர் ஆசனமும் முறைப்படி, உரிய விலைக்கு விற்கப்பட்டிருந்தால், அவற்றில் எத்தனை அப்புத்தளையிலோ தெமோதரையிலோ இருக்கும் ஒரு தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் போயிருக்கும்?

ஏறக்குறைய ஒன்றுமே போயிருக்காது என்பதுதான் என் கணிப்பு. கள்ள வியாபாரி பறித்தது கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் நடுத்தர வர்க்கத்தின் ஆசனத்தை. தோட்டத்து மக்களுக்கு அந்த ஆசனம் அதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமல் போயிருந்தது. அது எப்படி இல்லாமல் போனது, அதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு நாடு தெரிந்தே செய்த தெரிவு என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

ரயிலின் பயனை யார் அனுபவிக்கிறார்கள் என்ற கேள்வியை உலகம் பெரும்பாலும் அதிவேக ரயிலை முன்வைத்தே கேட்டுவந்திருக்கிறது. ஜப்பான் 1964-இல் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே ஷிங்கன்செனை ஓட்டியது. பிரான்ஸ் 1981-இல் பாரிஸையும் லியோனையும் டிஜிவியால் இணைத்தது. எல்லோருக்குமான வண்டி என்ற வாக்குறுதியோடுதான் அது வந்தது. பின்னர் ஆய்வாளர்கள் ஏறியவர்களை எண்ணிப் பார்த்தபோது உயர்பதவியினரும் மேற்படிப்புப் படித்தவர்களும் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் அதில் இருந்தார்கள். உடலுழைப்புத் தொழிலாளர் குறைவாக இருந்தார்கள். 2013-இல் பிரெஞ்சு ரயில்வே ஊய்கோ என்ற மலிவு வண்டியை விட்டது. வேகம் அதே, வசதி கொஞ்சம் குறைவு, விலை வெகுவாகக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. அந்த வண்டி முழுக்கக் குளிரூட்டிய இருக்கைப் பெட்டிகள். முன்பதிவில்லாமல் ஏறிக்கொள்ள ஒரு பெட்டிகூட இல்லை. இந்த அனுபவங்களிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது: யாருடைய நேரத்துக்கு விலை அதிகமோ அவர்கள் வேகத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த விதியை எல்ல வழியாகச் செல்லும் பதுளைப் பாதையில் பொருத்திப் பார்த்தால் அது தலைகீழாகிறது. இலங்கையில் அதிவேக ரயில் இல்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். வண்டி ஒன்பது, பத்து மணித்தியாலம் எடுக்கும். பஸ் அதைவிட வேகமாகப் போய்விடும். எனவே பதுளைப் பாதையில் பணம் உள்ளவர் வாங்குவது வேகத்தை அல்லாமல் மெதுவான பயணத்தை. மூடுபனி, தேயிலைச் சரிவு, சுரங்கம், பாலம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போகும் ஒரு பகல் பொழுது அங்கே விற்பனைக்கு வருகிறது. நேரத்துக்கு நெருக்கடி உள்ள ஏழை பஸ்ஸில் போகிறார். நேரம் கையிலிருக்கும் வசதியுள்ளவர் ரயிலில் போகிறார். வேகத்தை வைத்து மட்டும் ஏற்றத்தாழ்வை அளப்பவர்கள் பதுளை இருக்கும் ஊவாவுக்கு வந்தால் எதையும் காணமாட்டார்கள். இங்கே ஏற்றத்தாழ்வு ஆசனத்தில் இருக்கிறது, கால அட்டவணையில் இருக்கிறது, லயத்திலிருந்து ஸ்டேசனுக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது.

இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதில் மறைக்க எதுவும் இல்லை. கோப்பித் தோட்டத் துரைமார் 1854-இல் சங்கம் அமைத்து ரயில் கேட்டார்கள். 1867-இல் கண்டிக்குப் பாதை வந்தது, 1874-இல் நாவலப்பிட்டிக்கு, 1885-இல் நானுஓயாவுக்கு. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்திருந்தது. 1886-இல் ஊவா தனி மாகாணமானது. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னைத் தோட்டத்தை 1890-இல் வாங்கினார். 1893-இல் அப்புத்தளைக்கும் 1894-இல் பண்டாரவளைக்கும் வண்டி வந்தது. அதன் பிறகு பதுளைவரை வந்து சேர முப்பது வருடம் எடுத்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் மலை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தை 1921-இல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடித்தார்கள். தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி வளைந்து, தன் ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்தால் நுழைந்து வெளியேறும்படி அமைத்தார்கள். 1924 ஏப்ரல் 5 அன்று பதுளை ஸ்டேசன் திறக்கப்பட்டது.

இந்த அறுபது வருட வேலையில் மண் வெட்டியவர்களிலும் கல் சுமந்தவர்களிலும் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினர். பாதை முடிந்ததும் அதில் முதன்மையாக ஏறியது தேயிலைப் பெட்டி. தோட்டத்துக்கு அரிசியும் உரமும் மேலே வந்தன. தேயிலை துறைமுகத்துக்குக் கீழே இறங்கியது. துரைக்கு முதல் வகுப்பு இருந்தது. தொழிலாளிக்கு இருந்தது தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகரத் துண்டு அது. தென்னிந்தியாவில் புறப்படும்போதே ஆளின் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால் வழியெல்லாம் பயணமும் சாப்பாடும் கிடைக்கும். செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு ஆள்சேர்த்த கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாக அவர் தலையில் இறங்கும். மலையகத் தமிழர் இந்த நாட்டு ரயிலில் ஏறிய முதல் பயணம், எங்கே இறங்குவது என்பதை வேறொருவர் தீர்மானித்த பயணமாக, கடனில் தொடங்கிய பயணமாக இருந்தது.

1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்தபின் அந்தப் போக்குவரத்து இன்னும் சுலபமானது. அதே பாதை அரை நூற்றாண்டு கழித்து எதிர்த்திசையில் பயன்பட்டது. 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தது. அதன்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடுத்த இருபது ஆண்டுகளில் கப்பலேறினார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹட்டனிலும் ஸ்டேசன் மேடைகளில் உறவுகள் கட்டிப்பிடித்து அழுத அந்த வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். கொண்டுவரவும் அனுப்பிவைக்கவும் அரசுக்கு ரயில் கைகொடுத்தது. இடையில் இங்கேயே வாழ்கிறவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வர அது எவ்வளவு உதவியது என்பதே இன்று கேட்க வேண்டியது.

தூரத்திலிருந்து தொடங்குவோம். ஊவா மாகாணத்தின் இரண்டு மாவட்டங்களில் மொனராகலையில் ஒரு ரயில் நிலையமும் இல்லை. பதுளை மாவட்டத்திலோ பாதை மேற்கே ஒஹியவில் நுழைந்து இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலி எல என்று மலை முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து பதுளையில் முடிந்துவிடுகிறது. கிழக்கே பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. பாதை அங்கே போகவில்லை. தெற்கே கொஸ்லந்தைக்கும் போகவில்லை, வடமேற்கே வெலிமடைப் பக்கமும் போகவில்லை. இந்த மக்களுக்கு ரயில் என்பது ஒரு பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கும் பொருள். அந்த பஸ் பயணம் எப்படிப்பட்டது என்பதற்கு 2021 மார்ச் 20-ஐ நினைத்தால் போதும். லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13-ஆம் கட்டைக்குக் கிட்டப் பள்ளத்தில் பாய்ந்தது. குறைந்தது 14 பேர் மாண்டார்கள். அந்த வழித்தடத்தில் பயணிக்கிறவர்களுக்கு ரயிலா பஸ்ஸா என்று தெரிந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை.

பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தோட்டத்தின் நிலை சற்றே மேல், அவ்வளவுதான். லயத்திலிருந்து ஸ்டேசனுக்கு வரும் தோட்டத்துப் பாதை பெரும்பாலும் குண்டும் குழியும். அது கெட்டுக் கிடந்ததற்கு மழையைவிடச் சட்டம் பெரிய காரணம். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாதபடி கையைக் கட்டிவைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை அவர்களுடைய பாதைக்குக் கல் போட முடியாது என்ற நிலை 2018-இல்தான் திருத்தப்பட்டது. முப்பது வருடப் புறக்கணிப்பை ஒரு திருத்தம் உடனே அழித்துவிடாது. ஸ்டேசனுக்கு வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசு பலவேளை ரயில் சீட்டின் விலையை மிஞ்சிவிடுகிறது என்பதைத் தோட்டத்தில் இருக்கும் எவரும் சொல்வார்.

விலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் அது வெளிப்படை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2026-க்கான வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1,750 ஆக்க முன்வந்தது. சுற்றுலா வண்டியில் ஒரு முதல் வகுப்பு ஆசனம் ஆயிரக்கணக்கான ரூபாய். ஒரு குடும்பம் ஏற வேண்டுமானால் பல நாள் கொழுந்துச் சம்பளம் அதற்கே போய்விடும். 2019-இன் குடும்ப வருமானச் செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம்; தோட்டத் துறையில் 33.8 சதவீதம். அதன் பின்னர்தான் கொரோனாவும் 2022-இன் பொருளாதாரச் சரிவும் வந்தன. முதல் வகுப்பு ஏழைக்குக் கிட்டாதது என்பதில் புதுமை இல்லை. எந்த நாட்டிலும் அப்படித்தான். ஆகவே நியாய அநியாயத்தை முதல் வகுப்பின் விலையில் தேடுவது வீண். மூன்றாம் வகுப்புச் சாதாரணச் சீட்டு இன்னும் மலிவுதான், பஸ் கட்டணத்தைவிடக் குறைவுதான். அந்தச் சீட்டை வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அவருக்குக் கிடைப்பது நிற்க ஓரிடம். சுற்றுலாப் பருவத்தில் கண்டிக்கும் எல்லவுக்கும் இடையில், அதிலும் நானுஓயாவுக்குப் பிறகு, முன்பதிவில்லாத பெட்டியின் நிலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பதிவு கிடைக்காத வெளிநாட்டுப் பயணிகள் அந்தப் பெட்டிகளில்தான் ஏறுகிறார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. சீட்டு வாங்கித்தான் ஏறுகிறார்கள். வாசல்படியும் சன்னலோரமும் அவர்களுக்குக் காட்சி பார்க்கும் இடங்கள். அப்புத்தளையில் கைக்குழந்தையோடும் மருந்துப் பையோடும் ஏறும் பெண்ணுக்கு அவை உள்ளே போகும் வழி. இரண்டு தேவையும் ஒரே பெட்டிக்குள் மோதுகின்றன. பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறவர், நீதிமன்றத் தவணைக்குப் போகிறவர், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழக மாணவர், பண்டாரவளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் இருக்கும் ஒரே பெட்டி அதுதான்.

என் பார்வையில் விலையைவிட ஆழமான தடை முன்பதிவு முறையிலேயே இருக்கிறது. ஆசனங்கள் ஒரு மாதம் முன்பே திறக்கின்றன. ஒரு மாதத்துக்குப் பிறகு வரும் குறிப்பிட்ட நாளில் தான் எங்கே இருப்போம் என்று இன்றே சொல்லக்கூடியவர் யார்? விடுமுறை நிச்சயமானவர், மாதச் சம்பளக்காரர், ஊர் சுற்ற வருகிறவர். தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலி வாங்குகிறவருக்கு அது முடியாது. காலையில் வேலைக்குப் போனால் முழுப் பேர், நிறை குறைந்தால் அரைப் பேர், போகாவிட்டால் ஒன்றும் இல்லை. அவருடைய பயணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாதவை: ஒரு சாவு, ஒரு காய்ச்சல், கிராம அலுவலர் வரச் சொன்ன கடிதம், கொழும்பில் வேலைக்கு நிற்கும் மகள் திடீரென்று கூப்பிட்டது. புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலைசெய்யும் மலையக இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதலாளி லீவு தருவாரா என்பது கடைசி இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். அதற்குள் இரவு தபால் வண்டியின் ஆசனங்கள் போய்விட்டிருக்கும். கோட்டையிலிருந்து பதுளைவரை இரவு முழுக்க நின்றுகொண்டே வந்து காலையில் வீட்டுப்படி ஏறுகிறவர்கள் நூற்றுக்கணக்கில். முன்பதிவு முறை எவரையும் இனம் பார்த்தோ வர்க்கம் பார்த்தோ தள்ளவில்லை. நிச்சயமான வாழ்க்கை உள்ளவரையும் நிச்சயமற்ற வாழ்க்கை உள்ளவரையும் அது பிரிக்கிறது. ஊவாவில் அந்தப் பிரிவுக்கோடு லயத்து வாசலில்தான் விழுகிறது.

சுற்றுலா வண்டிகளுக்கு ஆதரவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேத் திணைக்களம் பல தசாப்தங்களாக நட்டத்தில் ஓடுகிறது. சீட்டு வருமானம் இயக்கச் செலவைக் கட்டுவதில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் டொலர் கொண்டுவந்த துறைகளில் சுற்றுலா முக்கியமானது. அதே ஆண்டில்தான் எல்ல ஒடிசி என்ற சுற்றுலா வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையே கலிப்சோ என்ற சுற்றுலா வண்டி வந்தது. இவை அழகான இடங்களில் சில நிமிடம் நின்று பயணிகளை இறங்கிப் பார்க்கவும் விடுகின்றன. எல்லவில் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே சமையலறையிலும் வரவேற்பிலும் வேலை கிடைத்திருக்கிறது, கொழும்புக்குப் போகாமலே. வசதியுள்ளவரிடம் அதிகம் வாங்கி ஏழையின் சீட்டை மலிவாக வைப்பதில் என்ன பிழை என்று கேட்கிறவர்கள் கேட்கத் தக்கதையே கேட்கிறார்கள். இந்தப் பயணிகள் இல்லாவிட்டால் பதுளைப் பாதையையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழக்கூடும் என்பதும் வெற்றுப் பயம் அல்ல. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன சிறிய பாதை வருமானம் போதாமல் 1940களில் மூடப்பட்டுக் கழற்றப்பட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ரயில் திரும்பவே இல்லை.

இந்த வாதத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதி பெரியது. சுற்றுலாப் பயணி இந்தப் பாதையின் எதிரி அல்லர். அவருடைய பணம் வேண்டும், கூடுதலாகவே வேண்டும்.

வாதம் உடையும் இடம் ஒன்று உண்டு, அது தண்டவாளத்தில் இருக்கிறது. றம்புக்கணைக்கு மேலே மலையகப் பாதை பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டிக்கு ஸ்டேசனில் ஒதுங்கி நின்று வழிவிட்டுத்தான் போக முடியும். ஏற்றம் நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி. வளைவுகள் மிக இறுக்கமானவை. வேகத்தையும் கூட்ட முடியாது, பெட்டிகளையும் ஓர் அளவுக்கு மேல் சேர்க்க முடியாது. சீனாவிலிருந்து வந்த எஸ் 12, எஸ் 14 வகைத் தொடர்களோ இயந்திரமும் பெட்டிகளும் சேர்ந்த அமைப்புகள். கூட்டம் கண்ட அன்று பழைய வண்டிபோல இரண்டு பெட்டியைக் கோத்துவிடும் வசதி அவற்றில் இல்லை. ஆக, ஒரு நாளில் இந்த மலையில் எத்தனை வண்டி, எத்தனை பெட்டி ஏறலாம் என்பதற்கு உறுதியான எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் ஒரு சுற்றுலா வண்டியை ஓட்டும்போது வேறொரு வண்டியின் வேளையை எடுத்துத்தான் ஓட்டுகிறோம். ஓர் ஆசனத்தைக் காட்சிக்காக ஒதுக்கும்போது கிளினிக்குக்குப் போகிறவரின் ஆசனத்தைத்தான் ஒதுக்குகிறோம். சந்தையில் விலை கூடினால் சரக்கு கூடும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது, சரக்கைக் கூட்ட மலை இடங்கொடுப்பதில்லை. பங்கீடுதான் நடக்கிறது. பங்கீடு அரசியல் முடிவு; அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

அடுத்த ஓட்டை கணக்கில் இருக்கிறது. வசதியுள்ளவரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுக்கிறோம் என்றால், கொடுத்ததைக் காட்ட வேண்டும். சுற்றுலா வண்டிகளின் வருமானம் திறைசேரியின் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது. அந்தப் பணத்தால் பதுளைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ஒரு காலை வண்டி கூடியதா? உடுவர, ஹீல்ஓயா போன்ற சிறிய நிறுத்தங்களுக்குக் கூரையோ கழிப்பறையோ வந்ததா? அப்படி எதையும் எவரும் சுட்டிக் காட்டியதில்லை. ஊவாவுக்குள் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் நின்றுபோகும் வண்டிகள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கொடுக்கப்படாத உதவியைக் காரணமாகச் சொல்லி ஓர் ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த இடமில்லை.

மக்கள் எப்படியும் பஸ்ஸைத்தானே விரும்புகிறார்கள், ரயில் அவர்களுக்கு எதற்கு என்றும் சொல்லப்படுகிறது. இது மிக எளிதாகச் சொல்லிவிடக்கூடியது, மிகவும் பிழையானதும்கூட. எட்டு மணி கிளினிக்குக்குப் பொருந்தும் வண்டி இல்லாதபோது, வண்டி வந்தாலும் ஏற இடமில்லாதபோது, மக்கள் பஸ்ஸில் போகிறார்கள். அதை விருப்பம் என்று பெயரிடுவது இல்லாமையின் விளைவை அதன் காரணமாக மாற்றிப் பேசுவது. பிரான்சில் மலிவு வண்டி விட்டபோது அதுவரை ரயில் பக்கம் வராதவர்கள் வந்தார்கள். சேவை மாறினால் பயணியும் மாறுவார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த விவாதத்தை ஏட்டிலிருந்து தரைக்கு இழுத்துவந்துவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாடு முழுவதும் உயிரிழந்தார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவு மலையகப் பாதையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. ஒரு பாதையை மறுபடி அமைக்கும்போது பழைய அட்டவணையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்தப் பகுதியை முதலில் திறப்பது, அதில் எந்த வண்டியை முதலில் விடுவது, எந்த நிறுத்தத்தைத் திருத்துவது என்ற ஒவ்வொரு முடிவும் யாருக்காக இந்தப் பாதை என்பதற்கான பதிலாகும். வெளிநாட்டு உதவி வரும்போது படமெடுக்கத் தகுந்த பாலங்களும் எல்லவும் முதலில் நினைவுக்கு வரும். சரிவில் வீட்டை இழந்து தற்காலிகக் கூடாரத்திலும் உறவினர் லயத்திலும் தங்கியிருப்பவர் வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் போய்வரும் தூரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்பதும் நினைவுக்கு வர வேண்டும்.

எடைபோட்டு முடித்தபின் என் தீர்ப்பு இது. சுற்றுலா வண்டியை ஓட்டியதில் அநீதி இல்லை. எல்லை உள்ள ஒரு பாதையில், உள்ளூர்ப் பயணிக்கு ஈடு எதையும் செய்யாமல் ஓட்டியதில் அநீதி இருக்கிறது. முதல் வகுப்பின் விலையில் அநீதி இல்லை. நிச்சயமற்ற வாழ்க்கை வாழ்கிறவர் ஒருபோதும் உட்கார முடியாதபடி எல்லா ஆசனத்தையும் ஒரு மாதம் முன்பே விற்றுத் தீர்த்துவிடுவதில் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். அவர்களுடைய முன்னோர் தண்டவாளத்துக்கும் தேயிலைக்கும் உழைத்ததால்தான் இன்று விற்கப்படும் காட்சியே இருக்கிறது. காட்சியின் பகுதியாக அவர்கள் சன்னலுக்கு வெளியே தெரிகிறார்கள்; உள்ளே அவர்களுக்கு இடமில்லை. பொதுச் சேவை என்ற அளவுகோலில் ஊவாவின் ரயில் இன்று தேறவில்லை.

தேறுவதற்குப் பெரிய தொகை தேவையில்லை. பதுளையிலிருந்து நானுஓயாவரை காலையிலும் மாலையிலும் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் ஒரு வண்டி வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளி, சந்தை நேரத்தைப் பார்த்து அதன் வேளையை வைக்க வேண்டும். பசறையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வரும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் அந்த வண்டிக்கு முன்னால் ஸ்டேசனுக்கு வந்து சேர வேண்டும். நீண்ட தூர வண்டிகளின் ஆசனங்களில் ஒரு பங்கை ஒரு மாதம் முன்பே விற்காமல் வைத்திருந்து, பயணத்துக்கு முந்திய நாள் மலையக ஸ்டேசன்களின் கவுண்டரில் மட்டும், அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்கலாம். இணைய வசதி இல்லாதவருக்கும் திடீரென்று புறப்பட வேண்டியவருக்கும் அது ஒன்றே பெரிய மாற்றம். கள்ள வியாபாரிக்கும் அந்தப் பங்கில் கைவைக்க முடியாது. ஒரு சுற்றுலா வண்டியைக் கூட்டினால் அதே பாதையில் அதே நாளில் முன்பதிவில்லாத ஆசனங்களும் கூட வேண்டும் என்பதை எழுதப்பட்ட விதியாக்கலாம்.

இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் ஊவாவிலிருந்து நாடாளுமன்றம் போனவர்கள், தோட்டத் தொழிற்சங்கங்கள், மாகாண சபைக்கு நாளை போகப்போகிறவர்கள். சம்பள உயர்வுக்காகக் குரல் கொடுக்கும் சங்கங்கள் போக்குவரத்தைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை கீழேயே வைத்திருக்கின்றன. சம்பளத்தில் கூட்டிய நூறு ரூபாயை முச்சக்கர வண்டி வாங்கிக்கொண்டு போகும்போது அந்தப் பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலையகப் பாதையின் புனரமைப்புத் திட்டத்தையும் புதிய கால அட்டவணையையும் இறுதியாக்கும் முன்னர், ஒவ்வொரு வண்டியிலும் முன்பதிவில்லாத ஆசனங்கள் எத்தனை என்ற எண்ணிக்கையை ரயில்வேத் திணைக்களம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டு, பண்டாரவளையிலும் பதுளையிலும் மக்கள் முன்னால் வைக்கட்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்டு எழுதுங்கள்; பதில் வரும்வரை எழுதுங்கள்.